பட்டுத் துணியில் சுற்றிய முடி

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். கூட்டுக் குடும்பத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் புதுப்பெண் வந்தாள். வந்த முதல் வாரமே அவள் மேல் ஒரு கண் வைத்துவிட்டேன். காரணம் தண்ணீர். எங்களுக்குக் குளிக்க, துவைக்க எல்லாம் போர்த் தண்ணீர்தான், உப்புக் கரிக்கும். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீர். அது எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. அப்படிக் காத்திருந்து பிடித்து வைத்த குடங்களில் ஒன்று, அவள் தலைக்குக் குளிக்கிற நாளெல்லாம் காலியாகக் கிடந்தது. கேட்டால், "தாகமா இருந்துச்சுக்கா" என்றாள். ஒரு குடம் குடிக்கிற தாகத்தை நான் மாட்டிடம்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சீயக்காய் போட்டுக் குளிப்பது என் மாமியார் வைத்த சட்டம். இவள் மட்டும் சூடு ஆகாது என்று வெந்நீரை ஆறப்போடுவாள். கிண்ணத்தில் கொடுத்த சீயக்காய்ப் பொடி அப்படியே சாக்கடையில் கிடக்கும். குளித்து வந்தால் நாங்கள் ஈரத் தலையைத் துண்டால் படபடவென்று அடித்து உதறுவோம். இவள் பழைய வேட்டியால் ஒற்றி ஒற்றி எடுப்பாள், காய்கிறவரை சீப்பைத் தொடமாட்டாள். சீப்பும் தனி, அகலப் பல் வைத்தது. யார் எதிரிலும் முடியை அவிழ்க்கமாட்டாள். உச்சியில் எண்ணெயைப் பூசிப் படிய வாரிவிட்டுத்தான் அறைக்கு வெளியே வருவாள்.

இந்த லட்சணத்தில், நான் கழித்துப் போட்டிருந்த கத்திரிப்பூ நிறப் பட்டு ரவிக்கையும் காணாமல் போனது. கிழிசல்தான், ஆனாலும் என்னுடையது. எலி இழுத்துப் போயிருக்கும் என்றார் வீட்டுக்காரர். எலிக்கு எதற்குப் பட்டு என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். புதுப்பெண் தலையைக் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் பின்கட்டில் அம்மியைக் கழுவப் போன மாமியார், சுவர்ப் பொந்திலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை இழுத்தார். கத்திரிப்பூ நிறப் பட்டுத் துணி. பிரித்தால் உள்ளே உருண்டையாகச் சுற்றிய முடி.

எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான், செய்வினை. ஒருத்தியின் முடியைச் சுற்றி மறைவாக வைத்தால் அவள் குடும்பம் விளங்காது என்பார்கள். முடி புதுப்பெண்ணுடையது, அந்த வழவழப்பு வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. துணி என்னுடையது. அவளுக்கு அப்போது நாள் தள்ளியிருந்தது. எனக்கோ கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயிறு திறக்கவில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்க மாமியாருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இது உன் ரவிக்கைதான?"

"ஆமா அத்தை. காணாமப் போச்சுன்னு அன்னைக்கே கத்துனேனே."

"கத்துனது எதுக்குன்னு இப்பல்ல தெரியுது." என் கொழுந்தனைக் கூப்பிட்டார். "மல்லாங்கிணத்துக்குப் போயி இவ அண்ணன வரச் சொல்லு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். புள்ளத்தாச்சி இருக்க வீட்ல இவ இருக்கக் கூடாது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். என்னைச் சந்தேகப் புத்திக்காரி என்று சொல்கிற மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்போது அடுப்படியிலிருந்து புதுப்பெண் வந்தாள். பின்னலை அவிழ்த்தாள். தொட்டியில் கிடந்த உப்புத் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு தலையில் ஊற்றி, உச்சியைக் கையால் பிசைந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேரோடு ஒட்டிய முடியெல்லாம் சுருண்டு எழும்பியது. அதற்குக் கீழே நுனிவரைக்கும் வாழைநார் மாதிரி நேராகக் கிடந்தது.

"அது என் முடிதான் அத்தை. நான்தான் வச்சேன். ஒடிஞ்சு ஒடிஞ்சு விழுகுது. குப்பையில போட்டா நீங்க பாத்துருவீக, எரிச்சா நாறும். அக்கா ரவிக்கைய ராத்திரி தலையில கட்ட எடுத்தேன், அதுல மிஞ்சுன துண்டுலதான் இதச் சுத்தி வச்சேன். தலகாணியில ஒரசுனாலும் ஒடியும்னாக."

"தலவலிக்குக் கட்டுறேன்னு சொன்ன?" என்றான் கொழுந்தன்.

அவளை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் சுருட்டை முடியைப் பார்த்துப் பம்பைத் தலை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதனால் அவள் சித்தி மதுரையில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போய் மருந்து போட்டு முடியை நேராக நீட்டிவிட்டாள். புதிதாக முளைப்பது பழையபடி சுருளும். சில மாதத்துக்கு ஒரு தடவை வேரில் மட்டும் மருந்து வைக்க வேண்டும். அதுவரை சுருட்டையும் நீட்டலும் சேருகிற இடம் வலுவில்லாதது. உப்புத் தண்ணீர், வெந்நீர், அழுத்தி வாருவது எதையும் அது தாங்காது. என்ன சாக்குச் சொல்லி மதுரைக்கு பஸ் ஏறுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தியிருக்கிறாள்.

மாமியாருக்கு நம்ப முடியவில்லை. "பொண்ணு பாக்கையில நான் சடைய இழுத்துப் பாத்தேனே!"

"சவுரி முடியான்னுதான அத்தை இழுத்துப் பாத்தீக? சுருட்டையான்னு பாக்கலயே."

கொழுந்தன் சிரித்துவிட்டான். மாமியாருக்கும் உதடு கோணியது. "புள்ள பெறுற வரைக்கும் மருந்து கிருந்துன்னு போகாத. இருக்குறத ஒடியாமப் பாத்துக்க" என்றார். அன்று முதல் அவள் தலைக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக மூடி வைக்கப்பட்டது. சீயக்காயும் போச்சு, வெந்நீரும் போச்சு.

முடிக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைத்தது. எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மல்லாங்கிணற்றுக்கு ஆள் போகவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், நானே பரிமாறினேன். எனக்காகத்தான் அவள் அவிழ்த்தாளா, எப்படியும் மாட்டிக்கொள்வோம் என்று அவிழ்த்தாளா என்றுகூட அன்றைக்குச் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் காலையில் தலை வாரிவிட்டு, சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்கொண்டு மாமியார் முன்னால் போய் உள்ளங்கையை விரித்தேன்.

"இது என் முடி அத்தை. குப்பையில போடப் போறேன். பாத்துக்கோங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. தினமும் காலையில் அதையே செய்தேன். "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று முணுமுணுப்பார், ஆனால் நிறுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்படி ஒரு காலையில் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, என் பக்கத்தில் இன்னொரு கையும் நீண்டது. அதில் துண்டு துண்டாக ஒடிந்த முடி.

"இது என்னோடது அத்தை. இதையும் பாத்துக்கோங்க."