பாவித் தாத்தாவின் நகங்கள்

காலையில் சேவை, மதியம் கலை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருந்த எங்கள் கூட்டத்துக்கு, தமிழர் நிறைந்த அந்த ஊரில் அன்றைய பாடம் அதுதான். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. அதனால், முதியோர் இல்லத்தில் ஒரு நகவெட்டியையும் பிளாஸ்டிக் பேசினையும் நீட்டியபோது நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தவர் சக்கர நாற்காலிக் கிழவர். இல்லத்தில் அவரைப் பாவித் தாத்தா என்றார்கள். ஏதோ பரிதாபத்தில் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாக்ஸைக் கழற்றியதும் அடித்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கால் நகங்கள் மஞ்சள் பூத்து, தடித்து, விரலுக்குள் வளைந்து கிடந்தன. பலங்கொண்ட மட்டும் அழுத்தி ஒன்றை வெட்டினேன். அது தெறித்து நேராக என் உதட்டில் வந்து விழுந்தது. சீ!

"துப்பு கண்ணு, நல்லா துப்பு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்," என்றார். "காலமெல்லாம் சாக்கடை அடைப்பு எடுத்த காலு. பின்னே மணக்கவா செய்யும்?"

நான் துப்பிவிட்டு வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"மத்தியானம் பிரார்த்தனைக் கூடத்துச் சுவர்ப் படம் பாக்கப் போறீங்களாமே? அதுல அடியில நரகம் இருக்கும். ரெண்டு பூதம் ஒருத்தன் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். அந்தப் பாவி நான்தான்."

நான் வெட்டுவதை நிறுத்தினேன். அவரே சொன்னார். அந்தப் படம் வரைந்த சமயம் அவருக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை. கூடத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்யப் போனவரை ஓவியர் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்.

"உன்னை ஞானியா வரையப் போறேன்னான். பல்லை நல்லாக் காட்டுன்னான். சாமியைப் பாத்துச் சிரிக்கிற மாதிரின்னு நெனச்சு, நானும் ஈன்னு காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். தெறப்பு விழா அன்னிக்குக் குடும்பத்தோட போய்ப் பாத்தா, நான் நரகத்துல அலறிக்கிட்டு இருக்கேன்."

அன்றோடு அவர் பெயர் போயிற்று. மகளைப் பள்ளிக்கூடத்தில் 'பாவி பெத்த பொண்ணு' என்றே கூப்பிட்டார்களாம். பாவியின் முகத்தை நகத்தால் கீறினால் புண்ணியம் என்று எவனோ கிளப்பிவிட, வருகிறவர்கள் எல்லாம் கீற ஆரம்பித்தார்கள்.

"அவங்க திட்டிக்கிட்டே கீறுனாங்க. நல்லா இருங்கடா மகராசனுங்களான்னு நான் வாழ்த்துனேன். கடைசியாப் பாத்தப்ப ஒரு கண்ணும் பல்லும்தான் பாக்கி."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில்தான் பேத்திக்குக் கல்யாணம். தாத்தா வந்தே ஆகணும் என்று அவள் அழுகிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் தெரியாது. முகம் முழுக்க அழிந்திருந்தால் போவார். இல்லையென்றால் இந்த நாற்காலியிலேயே கிடப்பார்.

"பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு. மறைக்காமச் சொல்லு."

கை நகங்களைத் தொடுவதற்குள் பேருந்து ஹாரன் அடித்தது. மிச்சம் சாயங்காலம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். சேவைச் சான்றிதழ் வாங்க மறுபடி இல்லத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது.

கூடத்தில் ஊதுவத்தி வாசனை, குளிர்ந்த தரை. சுவரின் மேல் பாதி முழுக்கத் தேவர்கள். நான் நேராக அடியில் போய்ப் பார்த்தேன். ஐயோ! முகம் அப்படியே இருந்தது. புத்தம் புதிதாக, வார்னிஷ் மினுங்க, ஒரு பல் குறையாமல். அது அலறலே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் ஒரு அப்பாவியின் முகம்.

"சிதைஞ்சு போயிருந்துச்சு. போன மாசம்தான் பழைய போட்டோவைப் பாத்துத் திரும்ப வரைஞ்சோம்," என்றார் வழிகாட்டி. "உங்க கல்லூரி குடுத்த நன்கொடைதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஒவ்வொருத்தராகப் படத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றின் அருகே குந்தி, காதைப் பிடித்துக்கொண்டு, பல்லை இளித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். காலையில் கிழவர்களின் காலைத் துடைத்த அதே பிள்ளைகள்.

"நீயும் வாடி, செம காமெடியா இருக்கு," என்றாள் என் அறைத்தோழி.

"போடி அந்தப் பக்கம்!"

அருவருப்பாக இருந்தது. உதட்டில் நகம் விழுந்தபோது வந்த குமட்டல் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கல்லூரிக்கு நான் கட்டிய பணமும் அந்த வார்னிஷில் இருக்கிறதோ என்னவோ. வெளியே போய்க் குழாயில் வாய் கொப்பளித்தேன்.

சாயங்காலம் தாத்தா வாசலிலேயே காத்திருந்தார். எல்லாம் அழிஞ்சு போச்சு தாத்தா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நம்பிப் போவார். போய் எல்லார் முன்னாலும் அந்த முகத்துக்கு எதிரே உட்காருவார்.

"புதுசா வரைஞ்சுட்டாங்க தாத்தா. முழுசா இருக்கு."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"கண்ணாடி போட்டு மூடியிருக்கா?"

"இல்ல, கயிறுதான்."

"கைக்கு எட்டுமா?"

"எட்டும். அடியிலதானே இருக்கு, எல்லாரும் குந்தித்தான் போட்டோ எடுத்தாங்க."

"அப்ப நாற்காலிக்குச் சரியான உயரம்."

நான் பேசினை மடியில் வைத்து அவர் கையைப் பிடித்தேன். நகங்கள் நீண்டு, அடியில் கறுப்பு அழுக்கேறி இருந்தன. நகவெட்டியை வைத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வெட்டாதே. பேத்திக்கு ஃபோன் போட்டுக் குடு, ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லணும்."

போட்டுக் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மறு கையை என் பக்கம் நீட்டினார். நகவெட்டியில் இருந்த அரத்தை விரித்து, அந்த அழுக்கு நகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூர்மையாகத் தேய்த்துவிட்டேன்.