பின்சீட்டு மழை

மீன் கிடங்கின் குளிர் அறையில், கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போட்டிருப்பது மனைவியின் ஜாக்கெட். இவர் ஒல்லி, தெருவே அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி அப்படி இல்லை. அதனால் உள்ளே ஒரு தலையணை. கிடங்குக் காவலாளி கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்க்கிறார்.

"இன்னும் எத்தனை கிலோமீட்டர் சார்?"

"மலை ஏறிட்டிருக்கேன். பத்து நிமிஷம் கழிச்சு வா."

எங்கள் தெருவில் இவருக்குப் பெயர் 'வானிலை'. தொழில் லிஃப்ட் மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் லீவு போட்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கடற்கரையில் கிளம்பி, வெயில் காயும் சமவெளியைத் தாண்டி, பனி இறங்கும் மலை வரைக்கும் பைக்கில் போய்வருவார். அந்தப் பத்து நாளைக்கு எதைப் போட்டுக்கொள்வது என்று மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் யோசிப்பார். நம்மில் பலர் கல்யாணத்துக்கே அவ்வளவு யோசித்ததில்லை.

"புது லிஃப்ட்ல எடுத்தவுடனே ஆளையா ஏத்துறோம்? மணல் மூட்டைய ஏத்தி இறக்கிப் பாப்போம். அது பொழைச்சாத்தான் ஆளு. இங்க நான்தான் மணல் மூட்டை" என்பார்.

அதனால்தான் குளிருக்கு மீன் கிடங்கு, வெயிலுக்கு பேக்கரி அடுப்பு, மழைக்கு மச்சான், அதாவது அக்காவின் தம்பி, நடத்தும் வாட்டர் வாஷ் ஷெட். பேக்கரியில், வலை மாதிரி காற்றுப் புகும் ஜாக்கெட்டோடு அடுப்புப் பக்கம் வியர்த்து நிற்பார். "என்ன வானிலை, ஒரு பக்கம் வெந்துடுச்சா? திருப்பிப் போடவா?" என்று யாராவது கேட்டால், ஜிப்பை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். பூட்ஸ் வாங்கினால் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடப்பார். "மொத நாள் கடிச்சா பழகிடும். மூணாம் நாளும் கடிச்சா அது பூட்ஸ் இல்ல, மாமியார்." உள்ளேயிருந்து அக்கா குரல் வரும்: "எங்கம்மா உங்களை ஒரு தடவைகூட கடிச்சதில்லை. கடிச்சிருக்கணும்."

கடையில் கண்ணாடி முன்னால் நிற்கவே மாட்டார். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்து, அங்கே நிற்கும் யாருடைய வண்டியிலாவது ஏறிக் குனிவார். "நிக்கும்போது எல்லாமே அழகுதான். உக்காந்தா முதுகு தெரியுதா, அதைப் பாரு." இரண்டு தடவை வண்டிக்குச் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கடைக்காரரோ இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே சாப்பிடப் போய்விடுவார், காலை பத்து மணியானாலும்.

மழைக்கு இவரிடம் ஒரே சட்டம். கிளவுஸின் வாய் ஜாக்கெட் கைக்கு உள்ளே இருக்க வேண்டும். "தண்ணி தோள்லேர்ந்து விரலுக்கு ஓடும். கிளவுஸ் வெளிய இருந்துச்சுன்னா அது கிளவுஸ் இல்ல, புனல்." கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொல்வார்.

போன வருஷம் மலைப்பாதையில் நல்ல மழை. சட்டப்படிதான் இரண்டு பேரும் உடுத்தியிருந்தார்கள். பின்னாலிருந்து அக்கா, "ஏங்க, கக்கத்துல தண்ணி வருது" என்றார். "கக்கத்துலயா மழை பெய்யும்?" என்று இவர் சிரித்தார். அக்கா மறுபடி சொன்னார், இவர் மறுபடி சிரித்தார். மூன்றாம் முறை சொல்வதற்குப் பதில் அக்கா அடுத்த ஊரில் இறங்கி பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். மனுஷன் அதையும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்கே மூன்று தடவை.

இந்த வருஷம் கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்துவிட்டது. "உங்க மணல் மூட்டையையே பின்னாடி வெச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். "பின்னாடி கனம் இல்லைன்னா வண்டி ஆடுது" என்றார் இவர் என்னிடம். எது ஆடுகிறது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறன்று அக்காவின் ஜாக்கெட்டோடும் தலையணையோடும் வாட்டர் வாஷில் இருபது நிமிஷம் நனைந்துவிட்டு, அக்காவை வரவழைத்தார். கையை மடித்துக் காட்டினார். "தொட்டுப் பாரு, பொட்டுத் தண்ணி இல்ல."

"எங்க உக்காந்து நனைஞ்சீங்க?"

"வண்டியிலதான்."

"வண்டியில எங்க? நான் என்ன ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டா வர்றேன்?"

அக்காவின் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இவ்வளவு வருஷமா மூட்டைய தப்பான லிஃப்ட்ல ஏத்தியிருக்கீங்களே!" என்று சொல்லிவிட்டு, ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். இவர் பின்னால் ஏறி, அக்கா பிடிப்பது போலவே அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு மேலே நின்றது, கை கக்கம் வரைக்கும் சரிந்து இறங்கியது. தண்ணீர்க் குழாயை அக்காவே கையில் வாங்கினார். மேகத்துக்குக்கூட அவ்வளவு கோபம் இருக்காது.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "ஏய், ஏய், நிறுத்து! கக்கத்துல வருது!"

"கக்கத்துலயா மழை பெய்யும்?" என்று அக்கா இன்னும் கொஞ்சம் அடித்தார்.

இவர் இறங்கினார். ஜாக்கெட்டிலிருந்து தலையணையை உருவினார். ஒரு பக்கம் பூராவும் ஈரம். "பின்னாடி உக்காந்தா தண்ணி விரல்லேர்ந்து தோளுக்கு ஓடுது" என்று அதைப் பிழிந்தார். பிறகு கிளவுஸை வெளியே இழுத்து, ஜாக்கெட் கைக்கு மேலே ஏற்றி மாட்டிக்கொண்டு, மறுபடி பின்சீட்டில் ஏறினார்.

"இப்ப அடி."

இந்த முறை உள்ளே வரவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய், முழங்கை வரைக்கும் ஏறுகிற, வாயில் நாடா வைத்து இறுக்குகிற பெரிய கிளவுஸ் ஒரு ஜோடி அக்காவுக்கு வாங்கினார். கடைக்காரரின் வண்டியிலேயே, கடைக்காரரை முன்னால் உட்கார வைத்துத்தான் பார்த்து வாங்கினாராம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போன வருஷம் யார் யாரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். "கக்கத்துலயும் மழை பெய்யும்ங்க. பின்னாடி உக்காந்தா பெய்யும். அவ சொன்னது சரி, நான்தான் கேக்கல." எனக்கும் சொன்னார், விடாமல் மூன்று தடவை. இதெல்லாம் அக்கா காதுக்குப் போயிருக்கும். போகாவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். வீட்டைப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கதவு பூட்டும் சத்தம் கேட்டது. பூட்ஸ் மூன்று படி இறங்கி வந்தது. முழுசாக உடுத்தி, பெரிய கிளவுஸ் இரண்டையும் மாட்டி, தலையில் ஹெல்மெட்டோடு அக்கா அவர் முன்னால் வந்து நின்றார். ஹெல்மெட் வாரை மாட்டிவிடச் சொல்வது போல், தாடையை மட்டும் தூக்கிக் காட்டினார்.