சம்பந்தியம்மாள் வாங்காத தாம்பூலம்

நல்லவாட்டுக் குப்பத்தில் தையலம்மாளிடம் யாரும் மீனைப் பேரம் பேச மாட்டார்கள். பேசினால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அவள் புருஷன் செல்லப்பன், ஊர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்தவன். பிரெஞ்சுக் கட்சிக்காரன் சுப்பராயலு ஆள் வைத்து அவன் படகைக் கொளுத்தினான். அந்த ஏக்கத்திலேயே செல்லப்பன் போய்ச் சேர்ந்தான். ஐம்பத்து நாலில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதும், சுப்பராயலு கூச்சமே இல்லாமல் புதுக்கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டான். அட, என்ன நெஞ்சழுத்தம்!

இந்த லட்சணத்தில் அவள் மகள் செங்கமலமும் அவன் மூத்த மகன் அரிகிருஷ்ணனும் ஒருவரையொருவர் விரும்பித் தொலைத்தார்கள். மகளுக்காகத் தையலம்மாள் பகையை முழுங்கிக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றாள்.

"உன்னப் போயி சம்பந்தின்னு கூப்புட்றதா? அதுக்கு என் நாக்க அறுத்துக்குவேன். போடி!" என்றான் சுப்பராயலு.

ஐப்பசி வாடைக்காற்றில் சின்னஞ்சிறுசுகள் இரண்டும் கட்டுமரம் ஏறிக் கடலூர்ப் பக்கம் ஓடப் பார்த்தன. விடிந்ததும் கடல் இரண்டு உடலையும் கரையில் கொண்டுவந்து போட்டது.

சுப்பராயலு மணலில் புரண்டு அழுதான். தையலம்மாள் அழவில்லை.

"தாலி கட்டித்தான் ரெண்டு பேரையும் எடுக்கணும். தாலிய இவன் கையாலயே எடுத்துக் குடுக்கட்டும். ஊரு கேக்க என்னச் சம்பந்தின்னு கூப்புடட்டும்," என்றாள்.

அவன் கூப்பிட்டான். பகை தீர்ந்தது என்று குப்பமே மூக்கைச் சிந்தியது. தீர்ந்ததாவது, மண்ணாவது!

அறுபத்தொன்றில் சுப்பராயலுவின் இளைய மகன் தங்கராசுக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஏற்கெனவே சம்பந்தி ஆனவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டால்தான் அடுத்த கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடலாம் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. சுப்பராயலு தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு தையலம்மாளிடம் வந்தான்.

"சம்பந்தியம்மா, நீங்கதான் வந்து நடத்தித் தரணும்."

தையலம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "விசேஷத்துக்கு அம்மாவ அழைக்கக் கட்டிக்குடுத்த பொண்ணுதான வரும்? எம் பொண்ணு உன் வூட்டுக்குத்தான வாழ வந்தா? அவள அனுப்பு. வாங்கிக்கிறேன்."

சுப்பராயலு தட்டோடு திரும்பிப் போனான். பஞ்சாயத்தார் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். கடைசியில், இந்தக் கட்டுப்பாடு இல்லாத பெண் ஊரிலேயே தாலி கட்டினார்கள். தங்கராசு அங்கேயே தங்கிவிட்டான்.

சுப்பராயலு வாசலில் நடாத பந்தக்கால் அப்படியே கிடந்தது. உப்புக்காற்றில் அது இற்றுப்போகும்வரை, தையலம்மாள் தினமும் கூடையோடு அந்த வழியாகத்தான் போனாள்.