மகளின் ஜெர்மன் வீட்டுக்காரி

போன வருடம் கந்தசஷ்டி நேரம். வேலைக்குப் போவதற்காக லண்டனின் இல்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தால் தெரியாத எண், அதுவும் ஜெர்மனி எண்.

என் மகள் லண்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மூன்றாம் வருடத்தை ஜெர்மனியில் படிக்க வேண்டும், பாடமெல்லாம் ஜெர்மன் மொழியில். பாஷை நாக்கில் ஏற வேண்டுமென்று, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத ஒரு வயதான பெண்மணியின் வீட்டில் அறை எடுத்து, அவசரத்துக்கென்று என் எண்ணையும் அவரிடம் கொடுத்திருந்தாள். வகுப்பு முடியும்வரை போனை அணைத்து வைக்க வேண்டும். நானோ எட்டாம் ஆண்டிலேயே, இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில், படிப்பை விட்டவள். எல்லாவற்றுக்கும் பயம். அவள் அங்கே இருமினால் எனக்கு இங்கே காய்ச்சல் வரும். "நீர் யோசிச்சு யோசிச்சே அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்டுப்போடுவீர்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

அழைப்பை எடுத்தேன். ஒரு பெண்குரல் சத்தமாக, மூச்சு விடாமல் ஜெர்மனில் பேசியது. மகளின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வேறொன்றும் விளங்கவில்லை. விபத்தோ, ஆஸ்பத்திரியோ, பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதோ என்று கண்டதெல்லாம் மனதில் ஓடியது. பக்கத்தில் கோட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். போனை நீட்டி, ஜெர்மன் தெரியுமா என்று கேட்டேன். பாவம், அவர் கையை விரித்தார்.

அவருக்கு அடுத்து ஒரு ஆபிரிக்கப் பெண், காதில் பாட்டோடு நின்றாள். அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. 'ஜெர்மன்' என்ற சொல் விழுந்ததோ என்னவோ, அவளே காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, தான் ஜெர்மனியில்தான் வளர்ந்ததாக ஆங்கிலத்தில் சொல்லிப் போனை வாங்கினாள்.

கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. அவள் ஏறவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கிறாள், இருக்கிறாள். வகுப்புக்குப் போயிருக்கிறாள்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனால் இந்த வீட்டுக்கார அம்மா உங்கள் மேல் கடும் கோபத்தில் இருக்கிறார். மூன்று நாளாக மகள் சாப்பிடவில்லையாம். ஏனென்று கேட்டால், அம்மா சொன்னார் என்கிறாளாம். பிள்ளையைப் பட்டினி கிடக்கச் சொல்கிற நீங்கள் எப்படிப்பட்ட தாய் என்று கேட்கிறார்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மொழிப் பரீட்சை வருகிறது, முருகனை நினைத்துச் சஷ்டி விரதம் பிடி என்று நான்தான் சொல்லியிருந்தேன். பகலில் தண்ணீர், இரவில் அறைக்குள் பாலும் பழமும். இதையெல்லாம் விளங்கப்படுத்த மகளுக்கு அப்போது ஜெர்மன் போதாது. ரொட்டியும் சூப்பும் வைத்துக்கொண்டு காத்திருந்த மனிசிக்கு, 'அம்மா சொன்னார்' என்பதோடு கதையை முடித்திருக்கிறாள்!

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கடவுளுக்கு, ஆறு நாள், நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஈஸ்டருக்கு முன்னால் அவளுடைய அம்மாவும் அப்படித்தானாம். அவள் எடுத்துச் சொன்னதும் மறுபக்கத்துக் குரல் தணிந்தது. பிறகு கேள்விகள் வந்தன. பாலைச் சூடாக்கிக் கொடுக்கலாமா? என்ன பழம் வாங்கலாம்? விரதம் முடிகிற அன்று என்ன சமைக்க வேண்டும்? சோறு போதும், இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்றேன். அடுத்த ரயிலில் அந்தப் பெண் ஏறிப் போனாள். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

பின்னேரம் மகள் எடுத்தாள்.

"அம்மா, மனிசிக்கு என்ன சொன்னனீங்கள்? சுடச்சுடப் பாலோட அறை வாசல்ல நிக்கிறா. குடிச்சு முடிக்குமட்டும் போகமாட்டாவாம்!"

"குடி பிள்ளை. இல்லாட்டி எனக்குத்தான் திரும்ப ஏச்சு விழும்."

விரதம் முடிக்கிற பாரணை அன்று ஒரு படம் அனுப்பினாள். பாலில் குழைய அவித்த சோறு, மேலே சீனியும் கறுவாப்பட்டைத் தூளும். அது அவர்களுடைய சாப்பாடாம். பார்க்க எங்கள் பொங்கல் புக்கை மாதிரியே இருந்தது.

முன்பின் தெரியாத நாட்டில் பிள்ளை தனியே கிடக்கிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்த நாட்களில், அவள் சாப்பிடவில்லையென்று என்னோடேயே சண்டைக்கு வர அங்கே ஒரு ஆள் இருந்திருக்கிறார். கவலைப்பட்டு யோசிக்கிற பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் என் பிள்ளைக்காக என்னைப் போலவே யோசிக்க இன்னொருவரும் இருக்கிறார் என்ற நன்றியோடுதான் இப்போது யோசிக்கிறேன்.