நாகவள்ளி கேட்ட ஜன்னல்

வளைகுடா நாட்டு ஊரான ஃபஹாஹீலில் அந்தப் பழைய வீட்டுக்கு நாகவள்ளி சமையல் வேலைக்கு வந்து இருபத்தொரு வருஷமாகிறது. வந்த நாள் முதல் அவளுக்கு மொட்டைமாடி அறைதான். வெளியே வந்தால் தண்ணீர்த் தொட்டி, துவைக்கும் மிஷின், வேண்டாத சாமான்களை அடைத்த தகரக் கொட்டகை. வேதாரண்யத்தில் இருந்த தன் இரண்டு பெண்களையும் அந்த அறையிலிருந்து போனிலேயே வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

மேடம் ஹெஸ்ஸாவின் மகன் ஃபஹதுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாடியைப் புதுத் தம்பதிக்குத் தனி வீடாக மாற்றுவது என்று முடிவாயிற்று. எஞ்சினியர் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தார். டீ கொண்டுபோன நாகவள்ளியை ஃபஹத் பக்கத்தில் நிறுத்தி, இது ஹால், இது கிச்சன் என்று விரல்வைத்துக் காட்டினான். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. சிரித்தபடி பார்த்துக்கொண்டே வந்தவள், தன் அறை இருக்கும் இடத்தில் குளியலறை வரப்போவதைக் கண்டாள்.

"நீ கீழ ஸ்டோர் ரூம்ல இருந்துக்கோ, நாகா. ஏசி போட்டுத் தரேன்" என்றார் மேடம்.

"சரி மேடம்" என்றாள், அவளுக்குப் பழகிப்போன அரபியில்.

மறுவாரமே மேலே இடிக்கத் தொடங்கினார்கள். மாடிப்படி வாசலில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியும் தூசி நிற்கவில்லை. கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவித்தான் சோறு போட வேண்டியிருந்தது. தொட்டியை இடம் மாற்றிய இரண்டு நாளும் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏழு பேருக்கு வாளித் தண்ணீரில் சமைத்தாள். டிரில்லிங் சத்தத்தில் குக்கர் விசில் கேட்காமல் பருப்பு அடிப்பிடித்தது. ஒரே ஒரு ஆறுதல், மேலே தமிழ்க் குரல் கேட்டது. மேஸ்திரி சோலையப்பன் சிவகங்கைக்காரர். பத்து மணி டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவள் ஐந்து நிமிஷம் கூடுதலாகவே நின்றுவிட்டு வருவாள்.

ஸ்டோர் ரூம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி மூட்டைகளைத் தள்ளிக் கட்டில் போட்டிருந்தார்கள். நான்கு பக்கமும் சுவர். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாது. ஒருநாள் போன் சார்ஜ் இல்லாமல் அலாரம் அடிக்கவில்லை. எட்டு மணிக்கு மேடமே வந்து கதவைத் தட்டினார்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். விடிஞ்சதே தெரியல." நாகவள்ளி கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "மேடம், எனக்கு ஒரு ஜன்னல் வேணும்."

லீவு தவிர அவள் எதையும் கேட்டதில்லை. மேடம் எஞ்சினியரை அழைத்தார். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, மாடியின் பாரம் இதில்தான் இறங்குகிறது, உடைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்ட சோலையப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, சுத்தியல் காம்பால் சந்துப் பக்கச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பூச்சைக் கொஞ்சம் சுரண்டினார்.

"அக்கா, மேல லிண்டல் ஓடுது பாருங்க, ஜன்னலுக்கு மேல போடுற கான்கிரீட் பட்டை. இங்க முன்னாடி ஜன்னல் இருந்திருக்கு. யாரோ கல்லு வச்சு அடைச்சிருக்காங்க. அடைச்ச கல்லை எடுத்தா சுவருக்கு ஒண்ணும் ஆகாது."

நாகவள்ளி மேடமைக் கூட்டிவந்து காட்டினாள். அந்த அம்மாள் சுரண்டிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஈராக் படை வந்த வருஷம் அது. கல்யாணமாகி நாலு மாசம். சந்தில் சிப்பாய்கள் நடக்கிற சத்தம் கேட்கும். அவர் கணவரே கல் அடுக்கிப் பூசி இந்த ஜன்னலை அடைத்தார். ஏழு மாதம் அவர்கள் இந்த அறைக்குள்தான் படுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு மேடம் இதற்குள் கால் வைக்கவே விரும்பவில்லை. அரிசி மூட்டை போடும் இடமாகிவிட்டது.

"மறந்தே போயிட்டேன்" என்றார்.

"வேணாம்னா விட்டுடலாம் மேடம்."

"இல்ல. திறக்கச் சொல்லு."

எஞ்சினியரும் லிண்டலைப் பார்த்துத் தலையாட்டினார். சோலையப்பன் உளியால் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார். தூசிக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நாகவள்ளியும், துப்பட்டாவை வைத்துக்கொண்டு மேடமும் கடைசிவரை நின்றார்கள். நாலாவது கல் விழுந்ததும் வெயில் அரிசி மூட்டைமேல் வந்து விழுந்தது. மேடம் நாகவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அங்கே அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னல் இருக்கிறது. அரிசி மூட்டைகள் வேறிடம் போய்விட்டன. ஃபஹதும் அவன் மனைவியும் மாடியில் குடியேறிவிட்டார்கள். சில நாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மேடம் கீழே வந்து நாகவள்ளியின் கட்டிலில் உட்காருவார். சந்தில் பூனைகளும் பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகளும் போவதைப் பார்த்தபடி, இருவரும் வெண்டைக்காய் நறுக்குவார்கள்.