தெருவுக்கு ஒரு வானொலி

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் டிரான்சிஸ்டர் வானொலிகளைக் கோத்து விற்கும் சிறு கடையொன்றை நடத்திவந்தேன். ஓராண்டு சென்னையிலிருந்து, வானொலிக்குள் பொருத்தும் டிரான்சிஸ்டர்கள் வருவது அருகிப்போய், விலையும் ஏறிற்று. தறிக்காரர்களோ முகூர்த்த காலத்துக் கூலி கைக்கு வந்ததும் வானொலி கேட்டு வந்தனர். விலையை உயர்த்தினால் அவர்கள் திரும்பிவிடுவார்கள்; உயர்த்தாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

சுவரோடு சுவர் ஒட்டிய தறி வீடுகள் அவை. ஆகவே ஒரே வானொலியைச் செய்து ஒரு வீட்டில் வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து, தறிக்குழியருகே ஒலிபெருக்கி மாட்டினேன். செலவை அனைவரும் பகிர்ந்துகொண்டனர். கடை பிழைத்தது.

அடுத்த ஆண்டு டிரான்சிஸ்டர்கள் தாராளமாக வந்து விலை சரிந்தது. நம்பிக்கையோடு வானொலிகளைக் கோத்து அடுக்கினேன், ஒன்றும் விற்கவில்லை. அந்த வானொலிப் பெட்டி இருந்த வீட்டுக்காரரிடம் சென்று காரணம் கேட்டேன்.

“தெருவே கேட்டுக்கினு இருக்குது, இன்னொன்னு எதுக்குபா?” என்றார் அவர்.

சுவருக்கு அப்பால் தெலுங்கு பேசும் நெசவுக்கார அம்மாள் குரல் கொடுத்தார். “உனக்கு எதுக்கு? ஸ்டேஷன் திருப்புறது உன் கையில இருக்குது. ஒரு நாளாவது எங்க தெலுங்குப் பாட்டு வெச்சியா?”

“நீ தறி நாடாவ ஓட்டும்மா, பாட்டு தன்னால வரும்.”

அம்மாள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். “எனக்குத் தனியா ஒன்னு எடுத்து வைபா,” என்றார் என்னிடம்.

மறுநாள் இரு வீடுகளிலும் இரு மொழிப் பாட்டுகள் உரக்க ஒலித்தன. இரண்டின் இரைச்சலில் எந்தப் பாட்டும் காதில் விழாத எதிர்வீட்டார், மாலையில் தமக்கும் ஒன்று வேண்டுமென்று கடைக்கு வந்தார்.