கூரையில்லாக் குளியலறையின் குடைக்காரர்

தொண்ணூறுகளில், இலங்கையின் யட்டியாந்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றைச் சொகுசு விடுதியாக்கியிருந்தார்கள். அனுமதி கொடுக்குமுன் குறைகளை எழுதிவரச் சுற்றுலாத் துறையிலிருந்து என்னை அனுப்பினார்கள். வானம் பார்த்துக் குளிக்கட்டுமென்று குளியலறைக்குக் கூரை வைக்கவில்லை. அங்கே தினமும் மழை என்பதை வரைபடம் போட்டவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அறைப் பணியாளர், முன்பு அதே தோட்டத்தில் கூலியாட்களை மேய்த்த பழைய கங்காணி. சட்டைக் காலரின் பின்னால் குடையை மாட்டிக்கொண்டே நடப்பார். குளிக்கப் போன எனக்குத் துவாய் தந்தவர் குடையையும் விரித்தார்.

"குளிக்கிறதுக்கு ஏனப்பா குடை?"

"குளிக்க இல்லைங்க ஐயா, தொடைக்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஏணியில நின்னு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் புடிப்பேங்க. கூரை வேணும்னு மட்டும் எழுதிறாதீங்க, என்னைய நிப்பாட்டிருவாங்க."

அறிக்கையில் ஒரு விதியைப் போலவே எழுதினேன்: 'கூரை அவசியமில்லை. குடை பிடிக்க ஒருவர் நிரந்தரமாகத் தேவை.'

அன்று நான் துடைத்து முடிக்கும்வரை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்கு உறுதியில்லை.